வெட்டிவிட்ட ஆள்

குலேந்திரன் கதவை மூன்று தரம் தட்டினார். நாலாவது தட்டு உள்ளேயிருந்து வந்தது.

பலத்த தட்டு அல்ல. விரலை மடித்து மரத்தில் ஒரேயொரு தரம் இடித்தால் வரும் சத்தம். யோகமலர் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கதவின் கைபிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டது என்று ஒப்புக்கொண்டால் அதற்கு மேல் ஏதாவது செய்யவேண்டி வரும், ஆகவே மனுசன் கேட்காத மாதிரி நிற்கிறார் என்பது இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா?

"ஹீட்டர் குழாய் சூடேறுது போலை," என்றார்.

"ஜூன் மாசத்திலையோ?"

அவர் கதவைத் திறந்தார்.

அன்று அவளுடைய தம்பி குகநேசனுக்கு எட்டாம் நாள் படையல். வன்னியில் எந்த நாளில், எந்த இடத்தில் செத்தான் என்று யாருக்கும் தெரியாததால், செய்தி கேள்விப்பட்ட நாளிலிருந்து எண்ணியிருந்தார்கள். அவனுக்குப் பிடித்த மீன் குழம்பும் இறால் பொரியலும் கத்தரிக்காய்க் கறியும் வைத்து, சாராயம் கிடைக்காத குறைக்கு ஒரு கிளாஸில் பியர் ஊற்றி, தாய்லாந்துக் கடையில் வாங்கிய உறைந்த வாழையிலை கறுத்துப்போய்விட்டதால் வீட்டில் இருந்த பெரிய வெள்ளைத் தட்டிலேயே சோறு போட்டு, படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிடுவதை உயிரோடு இருப்பவர்கள் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் விட்டு, எழும்பிப் போக அவகாசம் கொடுத்து, தட்டிவிட்டுத்தான் திறக்கவேண்டும்.

திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யன்னல் வழியாக மாலை வெயில் கட்டில் வரை வந்திருந்தது. மீன் குழம்பு மணக்கவேண்டிய அறையில் சேற்று மணமும், தலைமயிர் கருகினால் வருமே, அந்த மணமும் நின்றன. சோற்றுக் குவியலில் ஒரு பள்ளம் இருந்தது. யாரோ உள்ளங்கையால் அமத்தி அள்ளிய மாதிரி, நாலு விரல்களின் அடையாளத்தோடு. மூன்று விரல்கள் நீளம். நடுவிரல் மட்டும் குட்டை.

"சோறு அமர்ந்துபோச்சு," என்றார் குலேந்திரன். தட்டின் ஓரத்தில் மீன் தலை மென்று துப்பிய பொடியாகக் கிடந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அறை குகநேசனுக்கென்றே வைத்திருந்த அறை. டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி. யன்னலைத் திறந்தால் ஃபியோர்ட் என்கிற கடற்கழியின் தண்ணீரும், அதன் கரையில் சிமெந்துத் தொழிற்சாலையின் புகைக்கூடும் தெரியும். சமாதானக் காலத்தில் போன் எடுக்கும்போதெல்லாம், "அக்கா, உங்கடை வீட்டிலை இருந்து கடல் தெரியுமோ?" என்றுதான் முதலில் கேட்பான். "தெரியுமடா, ஆனால் கழுவின சட்டித் தண்ணி மாதிரி இருக்கும்," என்பாள். அப்படியென்றாலும் பரவாயில்லை, வந்து பார்க்கிறேன் என்பான். அவனுக்காக வாங்கிய கட்டிலில் போர்வை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. மகள் நிலானி பாடம் படிக்க மட்டும் அந்த மேசையைப் பாவிப்பாள்.

மே மாதம் சண்டை முடிந்தது. யோகமலர் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில், பக்கத்தில் நின்று மீன் வெட்டும் டேனிஷ்காரி அவளைக் கட்டிப்பிடித்து, உங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டதாமே, தொலைக்காட்சியில் சொன்னார்கள் என்று வாழ்த்தினாள். நல்ல மனுசி, மனசார வாழ்த்தினாள். அவளை அந்த மீன் கத்தியாலேயே குத்தவேண்டும் போல யோகமலருக்கு இருந்தது. நன்றி சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்து வயிற்றைக் கிழித்தாள்.

பிறகு வவுனியாவிலிருந்து சரோஜினிதேவி மச்சாள் போன் எடுத்தாள். கடைசி நாட்களில் வெளியே வந்த ஒருவர் கண்ணால் கண்டதாம். கடல்நீர்க் களப்பின் கரையில் சனத்தோடு சனமாகக் குகநேசன் ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஷெல் விழுந்தது. புகை விலகினபோது அவனுடைய தோளிலிருந்து இடுப்பு வரை சட்டை முழுவதும் இரத்தம். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

படையலுக்கு வைக்க அவனுடைய தனிப்படம் வீட்டில் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, கிளிநொச்சியில் ஒரு கலியாண வீட்டில் எடுத்தது. குகநேசனும் இன்னொருவனும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மற்றவன் இவனுடைய தோளில் கை போட்டிருக்கிறான். நிலானி அதைக் கணினியில் ஏற்றிவிட்டு, இந்த மற்ற ஆள் யார் என்று டேனிஷில் கேட்டாள்.

"தெரியாது. சிநேகிதனாக்கும். வெட்டி விடு."

கை தோளிலேயே இருக்கிறது, அதையும் வெட்டினால் மாமாவின் பாதித் தோள் போய்விடும் என்றாள் நிலானி, அதையும் டேனிஷில்தான்.

"கை இருந்தால் இருக்கட்டும் பிள்ளை. ஆளை வெட்டு."

நிலானி வெட்டினாள். மாலை போட்டுச் சட்டத்துக்குள் வைத்தபோது குகநேசன் தனியாகச் சிரித்தான். இடது தோளில் மட்டும் யாருடையதென்று தெரியாத நாலு விரல்கள். நீளமான, முழு விரல்கள்.

படையலோடு விட்டிருக்கலாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரை விளக்கும் ஒரு செம்பு தண்ணீரும் வைத்தால் போதும் என்றுதான் பிராண்டே என்ற ஊரின் கோயில் ஐயரும் போனில் சொன்னார். ஆனால் யோகமலர் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து, குளித்து, சமைத்து, ஒரு தட்டுச் சோறு கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு நடையில் சுவரோடு முதுகைச் சாய்த்து இருந்துகொண்டு கேட்டாள். முதலில் ஒன்றும் இராது. கீழே சைக்கிள் மணி, எங்கேயோ புல் வெட்டும் இயந்திரம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை. பிறகு, இந்தச் சத்தங்களுக்கு அடியில் நெடுநேரமாக இருந்துகொண்டிருந்த ஒன்று மெல்ல மேலே வருவது போல, மூச்சு. கனதூரம் ஓடிவந்து நின்றவனின் மூச்சு, நெஞ்சுக்குள் ஈரம் கரகரக்கும் மூச்சு. அதன் பிறகு மெல்லும் சத்தம். முள்ளோடு, எலும்போடு, அவசரமாக.

பயத்தை விடச் சந்தோசம்தான் முதலில் வந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? தம்பி வந்துவிட்டான். எத்தனை வருடம் விசாவுக்கு அலைந்தும் வரமுடியாதவன் இப்படியாவது வந்துவிட்டான். "ஆறுதலாச் சாப்பிடடா," என்று கதவுக்குச் சொன்னாள். "இஞ்சை ஒருத்தரும் உன்னைக் கலைக்க மாட்டினம்." உள்ளே மெல்லுவது நின்றது. கதவின் மறுபக்கம், அவளுடைய தலை சாய்ந்திருந்த உயரத்தில், ஏதோ ஒன்று மரத்தைத் தடவிக்கொண்டு போனது. அவள் அழுதாள். அக்காவின் குரலைக் கேட்டுவிட்டான் என்று நினைத்தாள்.

அடுத்த நாட்களில் செம்பு கவிழ்ந்து கிடந்தது. நிலத்தில் சாம்பல் நிறச் சேறு, காய்ந்ததும் வெடித்தது. இங்கத்தைய கடற்கரை மணல் இல்லை அது. விரலால் தொட்டு மணந்து பார்த்தாள். உப்பும் இரத்தமும். மீன் தொழிற்சாலையில் பத்து வருடமாக வேலை செய்பவளுக்கு அவை இரண்டையும் பிரித்தறிய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவின் உட்பக்கத்தில், மரத்தைப் பிளந்துகொண்டு நாலு கீறல்கள் இருந்தன. ஆழமானவை. அதில் ஒன்று குட்டை. யோகமலர் தமிழ்க் கடை கலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன் மேல் தொங்கவிட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் குலேந்திரன் கலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"மலர், இது சரிவராது. விளக்கை நூத்திட்டு, ஐயரைக் கேட்டுக் கழிப்புக் கழிச்சு விடுவம்."

"என்ரை தம்பியை வீட்டை விட்டுக் கலைக்கப்போறியளோ?"

"வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிற வீடு. நீர் கொஞ்சம் யோசியும்."

"நான் யோசிச்சிட்டன். விடமாட்டன்."

அவர் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். குலேந்திரன் குரல் உயர்த்தாத மனுசன், சண்டை என்று வந்தால் பல்கனியில் போய் நின்று பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அன்று விடுவிடென்று நடந்து விளக்கை நோக்கிக் குனிந்தார். கதவு அவள் மூக்கின் முன்னால் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை. யன்னல் பூட்டியிருந்தது.

கைபிடியைத் திருகினாள். அசையவில்லை. உள்ளே குலேந்திரன், "ஆர்?" என்று கேட்டார். மிகச் சாதாரணமாக, தபால்காரன் மணி அடித்தால் கேட்பது போல. பிறகு ஒரு முனகல். பிறகு கட்டில் இழுபட்டது. சுவரில் ஏதோ மோதியது. திரும்ப மோதியது. திரும்பவும். பச்சைத் தடியை முறுக்கி முறிக்கும் சத்தம் ஒன்று வந்தது, அதன் பிறகு அவளுடைய கணவன் போட்ட கூச்சல் வாழ்நாளில் அவள் கேட்டிராத கூச்சல்.

கதவு தானாகத் திறந்தது. அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தார். வலது கை தோளிலிருந்து கழன்று முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. காறை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே நின்றது. விளக்கு அணையவில்லை.

ஆஸ்பத்திரியில் சட்டையை வெட்டி எடுத்தபோது தோள்பட்டையில் நாலு விரல் தடங்கள் கருநீலமாகப் பதிந்திருந்தன. நடுவில் ஒன்று குட்டை. ஏணியிலிருந்து விழுந்ததாகக் குலேந்திரன் சொன்னார். டாக்டர் நம்பவில்லை. ஒரு தாதி யோகமலரைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது யாரையாவது அடிப்பதுண்டா, பயப்படாமல் சொல்லலாம் என்று மிகவும் கனிவாகக் கேட்டாள். ஐந்தடி கூட இல்லாத யோகமலர், ஆறடிக் குலேந்திரனின் கையைத் திருகி முறித்துவிட்டாள் என்று நினைக்கிறார்களாம். வேறு ஒரு நாளென்றால் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்து அடுத்த நாள் பின்னேரம் அவர் கண் விழித்தார். அவளைக் கிட்ட வரச் சொன்னார்.

"மலர். அது உம்மடை தம்பி இல்லை."

"கதைக்காமல் படுங்கோ."

"காதுக்குள்ளை கதைச்சது. சேறு மணத்தது. ‘குகன் எங்கை, குகன் எங்கை’ எண்டு கேட்டது." இடது கையால் அவளுடைய கையைப் பிடித்தார். "பிள்ளையை அந்த அறைக்குள்ளை விடாதையும். எனக்குச் சத்தியம் பண்ணும்."

அவள் சத்தியம் பண்ணினாள். நோவுக்குக் கொடுத்த மருந்தில் பிதற்றுகிறார் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் கரையோரமாகப் போனபோது ஃபியோர்ட் முழுவதும் வெயில் பட்டு மின்னியது. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு சனங்கள் கரையில் கால் தொங்கப்போட்டு இருந்தார்கள். தம்பி இல்லையென்றால் யார்? தம்பி என்றால், குகன் எங்கே என்று குகனே ஏன் கேட்கவேண்டும்? அந்தக் கேள்வியை அவள் தள்ளித் தள்ளி விட்டாள். அது திரும்பத் திரும்ப வந்து பக்கத்து இருக்கையில் இருந்தது.

வீட்டில் நிலானி சோபாவில் கால்களை மடக்கிக்கொண்டு இருந்தாள். அப்பா எப்படி என்று டேனிஷில் கேட்டாள். அழுதிருந்தாள், கண் வீங்கியிருந்தது.

"சுகமாயிடும். நீ அந்த அறைக்குள்ளை போகக்கூடாது, என்ன? புத்தகம் கித்தகம் எண்டாலும் நான் எடுத்துத் தாறன்."

"ஓகே," என்றாள் நிலானி.

யோகமலர் சமைத்தாள். ஏன் சமைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. சோறு வைக்காவிட்டால் என்ன செய்யும் என்ற பயம் பாதி. மீதி, இன்னும் விட்டுப்போகாத ஆசை. தட்டில் சோற்றையும் மீனையும் போட்டு நடையில் இருந்த சின்ன மேசையில் வைத்தாள். மூடிய கதவைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்துவிட்டு வந்த தம்பியைப் பேசுவது போல, "அத்தானை ஏனடா அப்பிடிச் செய்தனீ? உன்னை வேண்டாமெண்டு அந்தாள் ஒரு நாள் சொன்னதோ?" என்று பேசினாள்.

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நின்றது.

குசினியில் போன் அடித்தது, போனாள். இலங்கை இலக்கம்.

எடுத்தாள். இரைச்சல். யாரோ இருமினார்கள்.

"மலரக்கா. நான் குகன்."

அவள் குசினி வாசலால் அந்த அறைக் கதவைப் பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரும்பக் காதில் வைத்தாள்.

"அக்கா, கேக்குதோ? நான் உயிரோடை இருக்கிறன். செட்டிகுளத்திலை, முகாமிலை. ஆரோ ஒளிச்சு வைச்சிருக்கிற போன், கனக்கக் கதைக்க ஏலாது."

"நீ... குகனோ? என்ரை குகனோ?"

"ஓம் அக்கா. உங்கடை வீட்டிலை இருந்து கடல் தெரியுமோ எண்டு கேக்கிற குகன்தான். இப்ப கடலைப் பாக்கவும் மனமில்லை அக்கா."

யோகமலர் அப்படியே குசினித் தரையில் இருந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. உயிரோடு இருக்கிறான். சோறு படைத்து, மாலை போட்டு, விளக்கேற்றி வைத்த தம்பி உயிரோடு இருக்கிறான். எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டாள். நிலானி ஓடிவந்து என்ன என்று பார்த்தாள். "மாமா! மாமா கதைக்கிறார்!" என்று கையைக் காட்டினாள். நிலானி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினாள்.

பிறகு சந்தோசம் மெல்ல வடிந்தது. அது வடிந்த இடத்தில் அந்தக் கேள்வி இருந்தது.

"தம்பி. நீ செத்துப்போனாய் எண்டு சொல்லிச்சினம். தோளெல்லாம் இரத்தம் எண்டு."

"அது என்ரை இரத்தமில்லை அக்கா."

"கிளிநொச்சியிலை, கலியாண வீட்டிலை எடுத்த படம் ஒண்டு அனுப்பினனீ. உன்ரை தோளிலை கை போட்டுக்கொண்டு ஒருத்தன் நிக்கிறான். அவன் ஆர்?"

அங்கே இரைச்சல் மட்டும் கேட்டது. இருமல். முகாமில் ஒரு குழந்தை அழுதது.

"அவனை ஏன் கேக்கிறீங்கள்?"

"சொல்லு."

"அல்பேட். முல்லைத்தீவுப் பெடியன். கடைசி மட்டும் ஒண்டாத்தான் இருந்தம். அவன்ரை ஆக்கள் எல்லாம் ஒரே பங்கருக்குள்ளை முடிஞ்சுபோச்சினம், ஒருத்தரும் மிச்சமில்லை." அவன் இப்போது தாழ்ந்த குரலில், வேகமாகக் கதைத்தான். "களப்புக் கரையாலை ஓடேக்கை என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு வந்தவன். புகையிலை ஒருத்தரை ஒருத்தர் விடக்கூடாது எண்டு. ஷெல் விழுந்துது. நான் எழும்பித் திரும்ப ஓடினன். அவன்ரை கை தோளிலை இருக்குது, இறுக்கிப் பிடிச்சிருக்கிறான், வாறான் எண்டுதான் நினைச்சன். கொஞ்சத் தூரம் போய்த்தான் திரும்பிப் பாத்தன் அக்கா. கை இருந்துது. ஆள் இல்லை."

யோகமலரின் கண் எதிரே குசினி யன்னலில் வெயில் மஞ்சளாக நின்றது. எட்டு மணி தாண்டியும் போகாத வெயில்.

"விரல் ஒண்டும் விடேல்லை. சதைக்குள்ளை இறங்கிப் பிடிச்சிருந்துது. இழுத்துப் பாத்தன், அடிச்சுப் பாத்தன். பின்னாலை சனம் தள்ளுது. கடைசியிலை கடிச்சன் அக்கா. நடுவிரலை. நுனி வாயோடை வந்திட்டுது. பிறகுதான் மற்ற விரல் கழண்டது. அதை எறிஞ்சுபோட்டு ஓடினன்." மூச்சு வாங்கினான். "அவன் பின்னாலை சேத்துக்கை கிடந்தவன். சாகேல்லை. ‘குகன் எங்கை, குகன் எங்கை’ எண்டு கூப்பிட்டுக்கொண்டு கிடந்தவன். நான் நிக்கேல்லை."

நடுவிரல். சோற்றில். கதவில். குலேந்திரனின் தோளில். உயிரோடு இருப்பவனின் படத்துக்கு முன்னால் வைத்த சோற்றைச் சாப்பிட்டது, அந்தத் தோளில் மிஞ்சிய கைக்குரியவன்.

ஆளை வெட்டு என்று சொன்னவள் அவள். வெட்டியது நிலானி.

யோகமலர் திரும்பினாள். நிலானி பக்கத்தில் இல்லை.

நடையில் மேசை வெறுமையாக இருந்தது. தட்டு இல்லை. ஒரு கோப்பை கழுவ ஏழு தரம் கூப்பிட வேண்டிய பிள்ளை, அம்மா போனில் அழுகிறாளே, மாமா பிழைத்துவிட்டாரே, நானாவது அம்மாவுக்கு ஒரு உதவி செய்வோம் என்று, கேட்காமலே தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். உதவும் அவசரத்தில் அம்மா சொன்னது மறந்துபோயிருக்கும். அல்லது மாமா உயிரோடு இருக்கும்போது அந்த அறையில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

கதவு சாத்தியிருந்தது.

"நிலானி."

திரும்பவும் கூப்பிட்டாள்.

எழும்பினாள். போன் கையிலேயே இருந்தது. கைபிடியைத் திருகினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை. உள்ளே மூச்சு. இரண்டு மூச்சு. ஒன்று ஈரமாக. மற்றது சின்னதாக, விக்கி விக்கி.

"அல்பேட்," என்றாள் யோகமலர். முகம் தெரியாத அவனை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "தம்பி அல்பேட். அவள் சின்னப் பிள்ளை. நான் சொல்லித்தான் வெட்டினவள். என்னைப் பிடி. என்ரை பிள்ளையை விடு."

ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, தட்ட வேண்டும் என்று.

தட்டினாள். திரும்பத் தட்டினாள். மூன்றாவது தரம் தட்டக் கையைத் தூக்கியபோது கதவு திறந்தது.

அறை முழுவதும் வெயில். யன்னலில் ஃபியோர்ட் மின்னியது, ஒரு வெள்ளைப் பாய்க்கப்பல் அசையாமல் நின்றது. நடுவில் நிலானி கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் சோற்றுத் தட்டைப் பிடித்திருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுவரில் குகநேசனின் படம் இருந்தது. அவன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். தோளில் ஒன்றும் இல்லை.

நிலானியின் இடது தோளில் நாலு விரல்கள் இருந்தன.

சேறு பூசிய விரல்கள். நகத்தைச் சுற்றி இரத்தம் உறைந்து கறுத்திருந்தது. நடுவிரலுக்கு நுனி இல்லை, அந்த இடத்தில் பல் பதிந்த வெள்ளை எலும்பு. மணிக்கட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, கந்தலாகத் தொங்கிய தோல் மட்டும். விரல்கள் இறுகின. நிலானியின் வெள்ளை ரீசேட்டில் சிவப்பாக நாலு பொட்டுகள் வந்தன, பரவின.

"அம்மா," என்றாள் நிலானி. தமிழில் சொன்னாள். "அம்மா, நோகுது. கழட்டுங்கோ."

யோகமலர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். குளிர். ஐஸ் பெட்டியில் கிடந்த மீனின் குளிர். ஒவ்வொரு விரலாக நெம்பினாள். அசையவில்லை. நகத்தால் பிறாண்டினாள். சதை கழன்று அவளுடைய கையோடு வந்தது, பிடி கழலவில்லை. குசினியில் கத்தி இருந்தது. குசினிக்குப் போனால் கதவு சாத்திக்கொள்ளும். விரல்கள் இன்னும் இறங்கின. தோளுக்குள் ஏதோ மெல்ல நெரிந்தது. பச்சைத் தடி. நிலானி கத்தினாள். தட்டு விழுந்து உடைந்தது.

கீழே விழுந்திருந்த போனுக்குள் குகநேசன் கேட்டான். "அக்கா? ஆரக்கா அங்கை கத்துறது?"

அந்தக் குரல் கேட்டதும் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து, சேறு நிறைந்த வாயால், யாரோ சந்தோசமாக, "குகன்," என்றார்கள்.

யோகமலர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மகளின் தலையை நெஞ்சோடு சேர்த்து அமத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வாயைத் திறந்தாள். மோதிர விரலைப் பல்லுக்கிடையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். உப்பு. மணல். எலும்பு நறநறத்தது, மீன் தலை போலவே. வாயோடு வந்ததைத் துப்பினாள். மற்ற விரல்கள் விடவில்லை. இன்னும் ஆழமாக இறங்கின.

நிலானியின் கூச்சல் நின்று, வெறும் காற்று மட்டும் வந்தது. வெளியே வெயில் இன்னும் போகவில்லை.

யோகமலர் அடுத்த விரலில் வாய் வைத்தாள்.